முறுக்கு விற்க வீடியோவா, எழுத்தா?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தே முறுக்கும் அச்சு முறுக்கும் செய்து விற்கிறோம். தீபாவளி ஆர்டருக்கு விளம்பரத்தைத் தொடங்க வேண்டும். டிக்டாக், ரீல்ஸ் போதும் என்கிறான் அக்கா மகன். எண்ணெயில் முறுக்கு சிவந்து வரும் காட்சிக்கு லைக் குவிகிறது, சரி. ஆனால் வாங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது வேறு: முட்டை சேர்த்ததா, எத்தனை நாள் தாங்கும், தெம்பனிஸுக்கு டெலிவரி உண்டா? இதையெல்லாம் எழுதி வைத்தால்தான் கூகுளில் தேடுபவர் கண்ணிலும் படும் என்று எனக்குத் தோன்றுகிறது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போகலாம். அதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? (அவ்வளவு நேரம் யார் பார்ப்பார்கள்!) அப்புறம், எம்ஆர்டி ரயிலில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் எழுத்து ஓடவிட எந்தச் செயலி நல்லது? வீட்டு வியாபாரம் செய்பவர்கள், உங்களுக்கு ஆர்டர் எதிலிருந்து வருகிறது என்று சொல்லுங்களேன்.