புதுப்பிப்பு: பாலித் தீவில் நத்தாரும் அலைச்சறுக்கும்

நத்தார் விடுமுறையில் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்று அலைச்சறுக்கு (பலகையில் நின்று கடலலையில் சறுக்கும் விளையாட்டு) பழகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். குடும்பத்துடன் போய் வந்துவிட்டோம். மார்கழி அங்கு மழைக்காலம் என்பதால், மேற்கிலிருந்து வீசும் காற்று கூட்டா போன்ற மேற்குக் கரைகளில் அலையைக் குலைத்துவிடுகிறது; அதே காற்று சானூர், கெராமாஸ் முதலிய கிழக்குக் கரைகளில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைச் சீராக்குகிறது. என் கேள்விக்குப் பதிலளித்து இதை முன்கூட்டியே விளக்கிய அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. ஆயினும் கிழக்கில் பாறைத்தளத்தின் மேல் அலை உடைவதால், புதிதாகப் பழகுவோருக்கு மணல் அடியுள்ள கூட்டாவே பொருத்தம். ஆனால் அங்கு காற்று வலுக்குமுன், விடியற்காலையில் இறங்கிவிட வேண்டும். மழைநீருடன் வந்து கரையொதுங்கும் குப்பை மனதை வருத்தியது. நத்தார்த் திருப்பலியைக் கூட்டாவின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் கண்டதில் அம்மாவுக்கு அளவற்ற மகிழ்ச்சி. இலங்கைக்குள்ளேயே பழக விரும்புவோர் மார்கழியில் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவை நாட வேண்டாம். அதன் பருவம் வைகாசி முதல் புரட்டாதி வரை. மார்கழி நாட்களுக்குத் தென்கரையிலுள்ள வெலிகமவே உகந்தது.