கலைச்சொல்: ‘பிளைண்டிங்’ – ‘குழுவறியா’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

கால்நடை அறிவியல் இதழ்களுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்புவோருக்காக நாம் தொகுத்துவரும் கையேட்டில் ‘பொருளும் முறையும்’ பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் இன்னும் நெருடிக்கொண்டே இருக்கிறது: ‘பிளைண்டிங்’, அதாவது எந்த விலங்கு எந்த ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது என்பதை ஆய்வில் ஈடுபடுவோருக்குத் தெரியாமல் வைக்கும் ஏற்பாடு. வரைவில் இப்போதைக்குக் ‘குருட்டு முறை’, ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று போட்டிருக்கிறோம். இந்த இழையில் ‘கண்கட்டு’, ‘மறைப்பு’ என இரண்டு மாற்றுகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிட்டு மூன்றாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘குருட்டு’ ஏன் கூடாது என்பதில் இங்கே பெரும்பாலும் ஒத்த கருத்துதான். குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு என்று அந்த அடை வருகிற இடமெல்லாம் யோசிக்காமல் நடப்பதைத்தான் சொல்கிறது. பிளைண்டிங்கோ ஆய்வின் மிகக் கவனமான ஏற்பாடுகளில் ஒன்று. முதன்முறை கட்டுரை எழுத வரும் மாணவர் ‘குருட்டு ஆய்வு’ என்று படித்தால் அது ஒரு குறை என்றே நினைத்துக்கொள்வார். நம் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண் அழுத்த நோய் வந்த நாய்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் ‘இரட்டைக் குருட்டு முறையில் நாய்கள் சேர்க்கப்பட்டன’ என்று எழுதினால், படிப்பவர் இரண்டு கண்ணும் போன நாய்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்திலேயே கண் மருத்துவம் சார்ந்த இதழ்கள் பல ‘மாஸ்கிங்’ (மறைத்தல்) என்ற சொல்லுக்குப் போய்விட்டதும் இந்தக் குழப்பத்தால்தான்.

இந்த இழையில் ‘கண்கட்டு’ என்று முன்மொழிந்த அம்மையாரின் வாதத்தில் வரலாற்று நியாயம் இருக்கிறது. 1784-இல் பிரான்சு மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்க்ளின் தலைமையில், கண்ணுக்குத் தெரியாத காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாக மருத்துவர் மெஸ்மர் பரப்பிய ‘விலங்குக் காந்தம்’ உண்மைதானா என்று சோதித்தது. அப்போது ஆட்களின் கண்களை நிஜமாகவே துணியால் கட்டித்தான் சோதித்தார்கள். தங்கள் மேல் காந்த சக்தி செலுத்தப்படுகிறது என்று நம்பியபோது, எதுவும் செலுத்தாமலே அவர்களுக்கு விளைவு வந்தது. தெரியாமல் செலுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆக, குருட்டைவிடக் கண்கட்டு மூலத்துக்கு நெருக்கமான சொல். ஆனால் தமிழில் கண்கட்டு என்றதும் வித்தை பின்னாலேயே வந்து நிற்கிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று நேர்மையாகப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு ஏமாற்று வித்தையின் சாயல் வேண்டாம். போதாக்குறைக்குக் ‘கண்கட்டி’ என்பது இமையில் வரும் கட்டிக்கு வழங்கும் பெயர். ‘கண்கட்டி மதிப்பிட்டனர்’ என்று ஒரு கால்நடை மருத்துவர் படித்தால் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார்?

அடுத்தது ‘மறைப்பு’. நல்ல சொல், எளிய சொல். இதை ஏற்றுக்கொண்டு விவாதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சொல் இன்னோர் இடத்துக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது. ஒதுக்கீட்டு வரிசையை மறைத்து வைப்பது என்று ஒரு தனி நடைமுறை இருக்கிறது. கட்டுரை எழுதுவோர் பலரும் அதையும் பிளைண்டிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மதிப்பாய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்பும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஒரு கொட்டகையில் கோழிக் குஞ்சுகள் இருக்கின்றன. தீவனத்தில் புதிதாக ஒரு கூட்டுப்பொருளைச் சேர்த்துக் கொடுப்பது ஒரு குழுவுக்கு, வழக்கமான தீவனம் மற்றதற்கு. எந்த எண் எந்தக் குழுவுக்கு என்று கணினி சமவாய்ப்பு முறையில் பட்டியல் போட்டுத் தந்துவிட்டது. இப்போது ஒருவர் உள்ளே இறங்கிக் குஞ்சுகளைப் பிடிக்கிறார். முதலில் கைக்குச் சிக்குவது சுணங்கி நிற்கும் குஞ்சு. துறுதுறுவென்று இருப்பது ஓடிவிடும். பட்டியல் அவர் கையிலேயே இருந்து, அடுத்த எண் புதுத் தீவனக் குழுவுக்கு என்று தெரிந்திருந்தால், சுணங்கிய குஞ்சை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கக் கை தானாக நீளும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, அந்த ஆய்வு நன்றாக வரவேண்டும் என்ற ஆசையே போதும். இதைத் தடுக்கத்தான் பட்டியலைப் பிடிப்பவர் கண்ணில் காட்டாமல் வேறொருவர் வைத்திருக்கிறார். விலங்கு ஆய்வுக்குள் வந்து எண் பெற்ற பிறகே குழு தெரியவரும். இது குழு பிரியும் கணம் வரைக்குமான பாதுகாப்பு.

பிளைண்டிங் அதற்குப் பிறகு தொடங்குகிறது. குழு பிரிந்த பின் தீவனம் போடுபவர், எடை பார்ப்பவர், ஈரல் துண்டை நுண்ணோக்கியில் பார்ப்பவர், எண்களைக் கணக்கிடுபவர் ஆகியோரில் எவருக்கு எந்தக் குழு எது என்று தெரியும், எவருக்குத் தெரியாது என்பது அதன் கேள்வி. முதலாவதை எந்த ஆய்விலும் செய்யலாம். இரண்டாவது எப்போதும் முடியாது. இப்படி இரு வேறு நடைமுறைகளுக்கும் ‘மறைப்பு’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால், ஏற்கெனவே குழம்புகிறவர்களை நாமே இன்னும் குழப்பிவிடுவோம். அதனால் ‘ஒதுக்கீட்டு மறைப்பு’ என்று முதலாவதற்கே அந்தச் சொல்லைத் தந்துவிடலாம் என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் பிளைண்டிங்குக்கு என்ன சொல்வது?

என் பரிந்துரை ‘குழுவறியா’. குழு + அறியா. வாடா மலர், பொய்யா மொழி, அறியாப் பிள்ளை என்று நமக்குப் பழகிய அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். குழுவறியா மதிப்பீடு, குழுவறியா மதிப்பீட்டாளர், குழுவறியாப் பரிசோதனை என்று அடையாக வரும். வல்லினம் தொடர்ந்தால் ஒற்று மிகும். வினையோடு சேரும்போது ‘குழுவறியாமல்’. கட்டுரையில் நாம் அதிகம் எழுதப்போவது இந்தக் கடைசி வடிவத்தைத்தான் என்று நினைக்கிறேன்: “காயத்தின் நீளத்தை அளந்தவர் குழுவறியாமல் அளந்தார்.” அளந்தவர் யார், அவருக்குத் தெரியாதது எது, இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன.

இந்தச் சொல்லை நான் விரும்பக் காரணமே இதுதான். ‘குருட்டு’, ‘மறைப்பு’, ‘கண்கட்டு’ மூன்றும் எது தெரியாது என்பதைச் சொல்வதில்லை. ‘இரட்டை’ என்று முன்னொட்டுப் போட்டாலோ யாருக்குத் தெரியாது என்பதும் போய்விடுகிறது. மனித மருத்துவத்தில் இரட்டை என்றால் நோயாளியும் மருத்துவரும் என்று பலர் எடுத்துக்கொள்வார்கள், அங்கேயே எல்லாரும் ஒரே பொருளில் அதை ஆள்வதில்லை. கால்நடை ஆய்வில் அந்த இருவர் யார்? மாட்டுக்கு எந்தக் குழு என்பது எப்படியும் தெரியாது. வளர்ப்பவரா, மருந்து கொடுப்பவரா, அளப்பவரா? விலங்காய்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டி 2010-இல் வந்து, 2020-இல் திருத்தப்பட்டது. அதன் இன்றியமையாத பத்து அம்சங்களில் பிளைண்டிங் ஐந்தாவது. அது ஒற்றையா இரட்டையா என்று கேட்பதே இல்லை. ஒதுக்கீடு, பரிசோதனை நடத்துதல், விளைவை மதிப்பிடுதல், தரவைப் பகுத்தல் என்ற நான்கு கட்டங்களிலும் யார் குழுவை அறிந்திருந்தார் என்று எழுதச் சொல்கிறது. குழுவறியா என்ற சொல் அந்தக் கேள்விக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஆகவே ‘இரட்டை’யை நம் கையேட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடலாம் என்றும் சேர்த்தே முன்மொழிகிறேன்.

‘விலங்குக்குத்தான் ஒன்றும் தெரியாதே, பிறகு இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விலங்குக்குக் குழு தெரியாது, ஆனால் ஆளைப் படிக்கத் தெரியும். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலும் முகத்திலும் உண்டாகும் மிக நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கேட்டவர்களுக்குத் தாங்கள் அசைவதே தெரியவில்லை. கன்றைப் பிடித்து நிறுத்துபவருக்கும், நாயை நடத்திக் காட்டுபவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

இன்னொரு பக்கம் வளர்ப்பவர். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் நாய்களை வைத்துச் செய்த, 2012-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வெற்று மருந்து பெற்ற நாய்கள் எவ்வளவு எடையைக் காலில் ஊன்றுகின்றன என்று விசைத் தட்டில் அளந்தார்கள். தட்டு முன்னேற்றம் எதுவும் காட்டாதபோதும் வளர்ப்பவர்களில் கணிசமானோர் ‘இப்போது பரவாயில்லை’ என்றார்கள். கால்நடை மருத்துவர்களும் விதிவிலக்கில்லை. நோயாளி வாய் பேச முடியாத நம் துறையில், அதற்காகப் பேசுகிறவரின் நம்பிக்கைதான் தரவாக வந்து விழுகிறது.

சில ஆய்வுகளில் எல்லாரிடமும் குழுவை மறைக்க முடியாது. எண்ணெய் சேர்ந்த தடுப்பூசி பால்போல் வெண்மையாக இருக்கும், கட்டுப்பாட்டுக் குழுவுக்கான உப்புநீர் தெளிவாக இருக்கும். சிரிஞ்சை ஒளிபுகாத தாளால் சுற்றினாலும், அழுத்தும்போது கைக்குக் கெட்டிப்பு தெரிந்துவிடும், நாள்கள் கழித்து ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். அறுவை சிகிச்சை என்றால் தையலே காட்டிக்கொடுக்கும். அப்போது இரு குழுவிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் மயிரை மழித்து, ஒரே மாதிரிக் கட்டும் போட்டுவிட்டு, அறுவை அறைக்குள் வராத ஒருவரை மதிப்பிட வைப்பார்கள். இத்தகைய ஆய்வை எழுதும்போது ‘இரட்டைக் குருட்டு’ என்ற பழைய முத்திரை கைகொடுக்காது. கீழ்க்கண்டவாறு எழுதலாம், உண்மையும் கெடாது:

“தடுப்பூசி போட்டவர் குழுவை அறிந்திருந்தார். அவர் பின்னர் எந்த அளவீட்டிலும் பங்கேற்கவில்லை. உடல் வெப்பம் பார்த்தவரும் குருதி மாதிரிகளைச் சோதித்தவரும் குழுவறியாமல் பணியாற்றினர். தரவு, குழுக்களுக்கு ‘அ’, ‘ஆ’ என்ற குறி மட்டும் இட்டுப் பகுக்கப்பட்டது.”

இனி எதிர்பார்க்கும் மறுப்புகளுக்கு வருகிறேன். பெயர்ச்சொல் வேண்டுமே என்பீர்கள். ‘குழுவறியாமை’ என்பது இலக்கணப்படி சரிதான், ஆனால் ‘அறியாமை’ தனியே தெரிந்து இடறும். தலைப்புக்குக் ‘குழுவறியா முறை’ போதும். மற்ற இடங்களில் வினையாகவே எழுதிவிடலாம், தமிழுக்கு அதுதான் இயல்பும்கூட. ‘சிகிச்சையறியா’ இன்னும் தெளிவு என்று ஒரு கருத்து வரலாம். தீவனம், கொட்டகை அமைப்பு, பால் கறக்கும் முறை ஆகியவற்றை ஒப்பிடும் ஆய்வுகளில் சிகிச்சையே கிடையாது என்பதால் குழுவே பொதுவாக நிற்கும்.

குழுவே இல்லாத ஆய்வுகளும் உண்டே? உண்டு. ஒரு புதிய நோயறி சோதனை எவ்வளவு துல்லியம் என்று பார்க்கும் ஆய்வில், புதிய சோதனையைப் படிப்பவருக்கு ஏற்கெனவே நம்பகமான சோதனை என்ன சொன்னது என்பது தெரியக் கூடாது. அங்கே ‘முடிவறியா’ என்று முன்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: “ஊடுகதிர்ப் படத்தைப் படித்தவர் திசு ஆய்வின் முடிவறியாமல் படித்தார்.” எது தெரியாதோ அது முன்னால் வரும், ‘அறியா’ அப்படியே நிற்கும்.

இதே வாய்பாடு கையேட்டின் இன்னொரு அத்தியாயத்துக்கும் உதவுகிறது. சக ஆய்வாளர் மதிப்பாய்வை ‘டபுள் பிளைண்ட்’ என்று சொல்லிவந்தோம் அல்லவா? நைசோ என்ற அமெரிக்கத் தர அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆவணம் அதை விட்டுவிட்டு, பெயர் மறைத்தது என்ற பொருள்தரும் சொற்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் ‘பெயரறியா மதிப்பாய்வு’ என்போம். ஆசிரியர் பெயர் மதிப்பாய்வாளருக்கும், அவர் பெயர் ஆசிரியருக்கும் தெரியாது என்றால் ‘இருபுறம் பெயரறியா மதிப்பாய்வு’. ஒரு பக்கம் மட்டும் என்றால் ‘ஒருபுறம்’. இங்கே இரு தரப்பு யார் என்பதில் ஐயமே இல்லை, அதனால் எண்ணைச் சொல்வதில் தவறில்லை.

அந்த அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இருபுறம் பெயரறியா இதழுக்கு அனுப்பும்போது முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணிலேயே நிறுவனத்தின் சுருக்கப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மதிப்பாய்வுப் படியில் ஒப்புதல் பெறப்பட்டது என்று மட்டும் எழுதி, எண்ணைத் தனித் தலைப்புப் பக்கத்தில் தர இதழ் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற தொடரும், நன்றியுரையும், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் ஆசிரியர் பெயரும் இதே போலக் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சியிருப்பது ஒன்று. ஆய்வின் நடுவில் ஒரு விலங்குக்குக் கடுமையான எதிர்விளைவு வந்தால், அது எந்தக் குழு என்பதை மருத்துவருக்கு உடனே சொல்லியாக வேண்டும். ‘அன்பிளைண்டிங்’ எனப்படும் இதற்குக் ‘குழு வெளிப்படுத்தல்’ என்று வைத்திருக்கிறேன். பொருள் சரி, ஆனால் அவசரத்தில் செய்யும் காரியத்துக்குச் சொல் நீளமாகப் படுகிறது. ‘குழுத் திறப்பு’ சரிவருமா? கள ஆய்வு நடத்துகிற மருத்துவ நண்பர்கள் இதைப் பற்றிச் சொன்னால் நல்லது. ‘குழுவறியா’வுக்கு வலுவான மறுப்பு வராவிட்டால், வரைவில் ‘குருட்டு’ வரும் இடங்களையெல்லாம் மாற்றி அடுத்த படியை அனுப்புகிறேன்.

அன்புடன்