போலோ கத்தி நுனிப்பக்கம் அகன்றிருப்பது ஏன்?

கேள்வி (மாங்குளம்):
பற்றை வெட்டுவதற்கு நாம் காட்டுக்கத்தியைப் பயன்படுத்துவதுபோல, பிலிப்பைன்ஸ் நாட்டுக் கமக்காரர்கள் போலோ என்னும் கத்தியைப் பயன்படுத்துகின்றனர். அதன் அலகு நுனியை நோக்கி அகன்றிருப்பது ஏன்? கமத்துக்குரிய அக்கத்தி போர்க்கருவியானது எவ்வாறு?

பதில் (ஒட்டுசுட்டான்):
பாரம் முன்பக்கம் சேர்ந்திருப்பதால், வீசும் வேகமே வெட்டின் வலுவாகிறது. தடித்த கொப்பையோ தேங்காயையோ குறைந்த களைப்புடன் வெட்டலாம். பழைய லொறி வில்லுத்தகட்டை உலையில் காய்ச்சி அடித்து அலகு செய்வது அங்கும் வழக்கம். பிடியை மரத்தாலோ எருமைக் கொம்பாலோ அமைப்பர்.

பதில் (புதுக்குடியிருப்பு):
இரண்டாவது கேள்விக்கு விடை வறுமையில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கத்திப்புனான் என்னும் விடுதலை இயக்கத்தவர் கிளர்ந்தெழுந்தபோது துப்பாக்கிகள் மிகச் சிலவே கிடைத்தமையால், வீட்டில் இருந்த போலோவையே பலர் ஏந்தினர். ஸ்பானியருக்குப் பின் அமெரிக்கர் நாட்டைக் கைப்பற்றியிருந்தபோது, 1901 செப்டெம்பர் 28ஆம் திகதி சாமார் தீவின் பலங்கீகா ஊர்மக்கள் அமெரிக்கப் படைமுகாமைத் தாக்கியதும் பெரும்பாலும் இக்கத்திகளாலேயே. அதற்குப் பழிவாங்க அமெரிக்கப் படையினர் அத்தீவின் ஊர்களை எரித்ததையும் மறவாமல் சொல்லவேண்டும்.

பதில் (நெடுங்கேணி):
எல்லாப் போலோவும் அகன்றவையல்ல. செபுப் பகுதியின் பினுத்தி என்னும் வகை, தற்காப்புக்கென்று ஒடுங்கிய கூர்நுனியுடன் செய்யப்படுவது.