பார்த்தீனியமும் நோய் எதிர்ப்பு ஆற்றலும்: ஓர் ஐயம்

பல்லடம் வாசகர்: எங்கள் தோட்டத்து வரப்பில் பார்த்தீனியம் பூக்கும் நாட்களில் அம்மாவுக்கு விடாத தும்மல் வருகிறது. அச்செடியைப் பிடுங்கும் அப்பாவுக்கோ தும்மலே இல்லை. கழுத்திலும் முழங்கையிலும் தோல் தடித்து அரிக்கிறது. எதிர்ப்பு ஆற்றல் குறைந்ததே காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். அது சரியா?

கோபி வாசகர்: குறைவு அன்று, தம்பி, இலக்குத் தவறிய மிகை. அம்மாவின் உடல் தீங்கற்ற மகரந்தத்தைப் பகையென்று கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கலாம். அது மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருப்பதால், மகரந்தம் மறுபடி மூக்கில் பட்ட சில நிமிடங்களிலேயே அவற்றிலிருந்து ஹிஸ்டமின் என்னும் அழற்சிப் பொருள் வெளிப்பட்டுத் தும்மல் தொடங்குகிறது. அப்பாவின் அரிப்பு பெரும்பாலும் வேறு வழியில் வருவது: செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் தோலின் புரதங்களோடு பிணைய, அதை முன்பே அறிந்த டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன, இதற்கு ஓரிரு நாள் ஆகும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அவரைத் தயவுசெய்து பிடுங்க விடாதீர்கள். தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஈரோடு வாசகர்: வைரஸ் புகுந்த செல்களை அழிப்பவையும் டி செல்களே. தொற்று நீங்கிய பின் சில, நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. தடுப்பூசி பயன்தருவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

பல்லடம் வாசகர்: நன்றி ஐயா. இத்தனை விழிப்பான ஆற்றல் என் மாமாவின் புற்றுநோயை ஏன் விட்டுவிட்டது?

கோபி வாசகர்: புற்றுச்செல் நம் சொந்தச் செல்லிலிருந்தே பிறப்பதால் அதை அடையாளம் காண்பது கடினம், மேலும், டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்னும் புரதம் போன்ற தடைகளைத் தூண்டி டி செல்லைச் செயலிழக்கச் செய்யவும் புற்றுச்செல்லால் முடியும். இத்தடைகளை விலக்கும் சிகிச்சைக்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். தடை விலகிய டி செல்கள் குடல், நுரையீரல், தைராய்டு ஆகியவற்றையும் தாக்கக்கூடும் என்பதால், மாமாவுக்கு இது பொருந்துமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.