சன்னமா ஒலிக்கிற ஸ்ட்ராட்டுக்கு (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார்) எந்த எஃபெக்ட் பெடல் சதை சேர்க்கும்?

பெடல் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ சோதனை. கிட்டார் ஸ்விட்சை பிரிட்ஜ் பிக்கப்பும் மிடில் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்கள்) சேரும் இடத்துல வெச்சு தடிச்ச ஈ கம்பியை மீட்டுங்க. தனித்தனியா கேட்ட பேஸ், சேர்ந்ததும் காணாமப் போனா ரெண்டு பிக்கப்பும் எதிர் ஃபேஸ்ல இருக்கு, அதாவது ஒண்ணோட சிக்னலை இன்னொண்ணு அழிக்குது. ஒரு பிக்கப்போட ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி சால்டர் பண்ணா தீர்ந்தது. எந்த பெடலாலயும் இதைச் சரிபண்ண முடியாது.

அடுத்தது பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சு அளங்க: தடிச்ச கம்பி பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி இருக்கணும். ரொம்ப ஏத்தினா காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃப்ரெட்டுகள்ல சுருதி ஆடும்.

—

ஒயரிங் சரின்னா, பலரும் முதல்ல எடுக்குறது ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல். அது பேஸைக் கூட்டாது. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போக அதோட கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) குறையும், அதனால மிட் (நடு அலைவரிசை) நிமிர்ந்து நிக்கும். பேண்ட்ல பேஸ் கிட்டார் அடியைப் பிடிச்சுக்கும், உங்க சோலோ தெளிவா வெளிய வரும். தனியா ரூம்ல வாசிச்சா ஏமாற்றம்தான். குமிழ்களைக் கடிகார முள் மாதிரி நினைச்சு, டிரைவ் 9 மணி, டோன் 11 மணி, லெவல் 2 மணில தொடங்கிப் பாருங்க.

பிக் மஃப்ங்கிற ஃபஸ் பெடல் இதுக்கு நேர் எதிர். வீட்ல மலை மாதிரி கேக்கும். 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் இருக்குறதால, டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் மறைஞ்சிடும்.

—

கிளீன் டோனே மெலிசா இருந்தா என் ஓட்டு ஈக்வலைசருக்குத்தான் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியா கூட்டிக் குறைக்கிற பெடல்). பாஸ் (Boss) கம்பெனியோட ஜிஇ-7ல 200 ஹெர்ட்ஸுக்கு +4, 400 ஹெர்ட்ஸுக்கு +3, 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு −3 டெசிபல். டிரைவ் பெடல் இருந்தா அதுக்குப் பின்னாடி வையுங்க. முன்னாடி வெச்சா கூட்டின பேஸும் டிஸ்டார்ட் ஆகி சத்தம் குழம்பும்.

100 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைத் தொடாதீங்க, முக்கியமா பிராக்டிஸ் ஆம்ப்ல. 6.5 அங்குல ஸ்பீக்கரால அவ்வளவு கீழ இறங்க முடியாது, கரகரன்னு அடிச்சுக்கும். கம்ப்ரஸர் பெடல் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் பண்றது) நோட்டை நீட்டும், சதை சேர்க்காது.

ஒப்பிடும்போது பெடல் ஆன்லயும் ஆஃப்லயும் சத்தம் ஒரே அளவு வர்ற மாதிரி லெவலைக் குறைச்சுக்குங்க. கொஞ்சம் சத்தம் கூடினாலே காதுக்கு டோன் கனமாத் தோணிடும்.