அம்மாவுக்கு வீல்சேர், ஆசை கப்பல் பயணம்: எதைப் பார்த்து புக் செய்வது?

நீலவானம் கேட்டது:

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் பலவீனம். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்துவிடுவார், வெளியே என்றால் வீல்சேர்தான். சொகுசுக் கப்பலில் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்சிலோனாவில் ஏறி மத்தியதரைக் கடலைச் சுற்றும் பயணம் ஒன்று பார்த்திருக்கிறேன். கிரேக்கத் தீவான சாந்தோரினியும் அதில் உண்டு. முகவர், "அவர்தான் நடக்கிறாரே, சாதாரண கேபினே போதும்" என்கிறார். அண்ணனோ "இந்த நிலைமையில் கடலா?" என்று முட்டுக்கட்டை போடுகிறான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கேபின், கரையிறங்குவது, ஆபத்து என்றால் என்ன செய்வார்கள், இந்த மூன்றும்தான் எனக்குக் கவலை.

சக்கரவாசி:

முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து எனக்கு வீல்சேர்தான். சொல்லப்போனால் கப்பல்தான் எனக்குத் தோதான விடுமுறை. ஊருக்கு ஊர் ஓட்டல் மாற வேண்டாம், பெட்டியைப் பிரித்து வைத்தால் வைத்ததுதான். இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

முகவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். சாதாரண கேபின் கதவு பல கப்பல்களில் 22, 23 அங்குலம்தான் இருக்கும். சக்கரம் தள்ளும் வளையத்திலிருந்து வளையம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள், சீட் அகலத்தை அல்ல. பெரும்பாலான வீல்சேர் அதில் நுழையாது. கதவைத் தாண்டினாலும் பாத்ரூம் இருக்கிறது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் தடுப்புப் படி வைத்திருப்பார்கள். இடது காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுகிறவர், ராத்திரி கப்பல் லேசாக ஆடும்போது, தூக்கக் கலக்கத்தில் அதைத் தாண்ட வேண்டும். நினைத்தாலே பகீரென்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின் என்றால் கதவு சுமார் 32 அங்குலம், படியில்லாத ஷவர், மடக்கு இருக்கை, சக்கரம் திரும்ப ஐந்தடி வட்டம். கப்பலுக்குக் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் போய்விடும். அதிலும் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. சிலவற்றில் கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் வீல்சேர் போகும். அம்மாவுக்கு வலது கைதான் பலம், அதனால் கழிப்பறையில் உட்கார்ந்தால் கைப்பிடி வலப்பக்கம் வர வேண்டும். கேபின் எண்ணைச் சொல்லி, அந்தக் கேபினின் வரைபடத்தையே கேளுங்கள். "எல்லா வசதியும் உண்டு மேடம்" என்ற பதிலுக்கு மசியாதீர்கள்.

அப்புறம், நான் கப்பலைப் பார்ப்பதற்கு முன்பே துறைமுகப் பட்டியலைத்தான் பார்ப்பேன். பார்சிலோனாவில் கப்பல் துறைமுக மேடையோடு ஒட்டி நிற்கும். சாந்தோரினியில் அப்படியில்லை. கப்பல் தள்ளி நிற்கும், சின்ன டெண்டர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகும் கப்பல் தளமும் அலைக்கு அலை ஏறி இறங்கும். அந்த இடைவெளியைச் சட்டென்று எட்டுவைத்துத் தாண்ட வேண்டும். கடல் கொந்தளித்தால் வீல்சேர்க்காரர்களை அன்று இறக்க மறுப்பார்கள், அதில் வாதாடிப் பயனில்லை. கரையில் இறங்கினாலும் பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்கு ஐந்நூற்றுக்கும் மேல் படிகள். இல்லையென்றால் கேபிள் கார் வரிசை. என்னைக் கேட்டால் அன்று கப்பலிலேயே இருங்கள். கூட்டம் மொத்தமும் இறங்கிவிடும், லிஃப்ட் காத்திருக்காமல் வரும், தளத்தில் உட்கார்ந்தபடியே அந்த மலைமுகட்டு வெள்ளை வீடுகளைப் பார்க்கலாம்.

கரையோரம்:

டெண்டர் என்றாலே வேண்டாம் என்று அடித்துச் சொல்லாதீர்கள் சக்கரவாசி. சில கப்பல்களில் வீல்சேரோடு படகில் ஏற்றும் ஏற்பாடு உண்டு.

என் கணவர் பேட்டரி ஸ்கூட்டரில் போகிறவர். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்கூட்டரைக் கேபினுக்குள்தான் நிறுத்த வேண்டும், நடைபாதையில் விடக்கூடாது, ஆபத்து நேரத்தில் வழியை மறிக்கும் என்பதால். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையைப் பெட்டியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். கப்பல்காரர்கள் கொடுக்கும் வீல்சேர் பொதுவாக ஏற, இறங்க மட்டும்தான், பயணம் முழுக்க அல்ல. சொந்த வீல்சேரையே கொண்டுபோங்கள். நடைபாதைக் கம்பளம் மெத்தென்று இருக்கும், தள்ளுகிறவருக்குத் தோள் கழன்றுவிடும்.

சக்கரவாசி:

@கரையோரம், ஏற்பாடு இருந்தாலும் அன்றைய அலைதான் முடிவு செய்யும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

துறைமுகத்தான்:

பார்சிலோனாவில் ஏறுவதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறை உங்களுக்குப் பொருந்தும். துறைமுகத்திலும் கப்பலிலும் உதவி இலவசம், ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். கேபின், மருத்துவ உபகரணம் சார்ந்த தேவைகளை புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் கவனக்குறைவால் வீல்சேர் உடைந்தால் நஷ்டஈடும் கேட்கலாம்.

ஆபத்து பற்றி: புறப்படும்போது ஒத்திகை நடக்கும். நிஜமாகவே அவசரம் என்றால் லிஃப்டை நம்ப முடியாது. படிக்கட்டில் இறக்கும் நாற்காலியும் ஆட்களும் உண்டு, ஆனால் அம்மா எந்தக் கேபினில் இருக்கிறார் என்று அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஏறிய அன்றே வரவேற்பில் கேட்டு உறுதி செய்யுங்கள். கேபின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டமும் குறைவு.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. வலப்பக்கக் கைப்பிடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. முகவருக்கு இப்போதே எழுதுகிறேன். ரோம் போகும் நாளில் பேருந்துச் சுற்றுலா எடுக்கலாமா?

சக்கரவாசி:

கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். "பேருந்தில் வீல்சேர் லிஃப்ட் உண்டா, எத்தனை படி ஏற வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். "வசதி உள்ளது" என்று எழுதியிருப்பார்கள், ஏறும்போது பார்த்தால் மூன்று படி இருக்கும். ரோமில் கல் பாவிய தெருக்கள், சின்ன முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும், அங்கே பின்பக்கமாக இழுத்துப் போங்கள். அம்மாவுக்கு இடுப்பில் வலி இருந்தால் ஒரு தடிமனான மெத்தை கூட வைத்துக்கொள்ளுங்கள்.