வூ ஸிஷூ துரோகியா, விசுவாசியா? சூ – வூ – யுவே பகை குறித்து ஒரு கேள்வி

கேள்வி – வைகறை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பழஞ்சீனத்தின் வசந்த-இலையுதிர் கால வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அதில் வூ ஸிஷூ என்ற மனிதரை எளிதில் கடந்துபோக முடியவில்லை. அவருடைய குலப்பெயருக்கும் வூ நாட்டுக்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை. ஆகவே குழப்பம் வராமல் இருக்க ஸிஷூ என்றே எழுதுகிறேன்.

சூ நாட்டு அரசன் பிங், பட்டத்து இளவரசனுக்காகச் சின் நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட மணப்பெண்ணைத் தானே மணந்துகொண்டான். அதற்குத் தூபம் போட்ட ஃபெய் வூஜி என்ற அமைச்சன், நாளை இளவரசன் அரியணை ஏறினால் தன் தலை தப்பாது என்று அஞ்சி, அவன் கலகத்துக்கு ஆயத்தமாவதாகக் கோள் மூட்டினான். இளவரசனின் ஆசிரியரும் ஸிஷூவின் தந்தையுமான வூ ஷே சிறைப்பட்டார். அவருடைய மகன்கள் இருவரும் நேரில் வந்தால் தந்தையை விட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அது பொறி என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. மூத்தவர் ஷாங், சாவது தன்னால் முடியும், பழிதீர்ப்பது தம்பியால் முடியும் என்று சொல்லிவிட்டுத் தந்தையிடம் போனார். இளையவரான ஸிஷூ தப்பிவிட்டார் என்ற செய்தி சிறைக்கு எட்டியபோது, இனிச் சூ நாட்டு அரசனும் அமைச்சர்களும் வேளைக்குச் சோறு உண்ணப்போவதில்லை என்றாராம் தந்தை. கி.மு. 522-இல் தந்தையும் தமையனும் கொல்லப்பட்டார்கள்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 506-இல், வூ நாட்டுப் படை சூவின் தலைநகரான யிங்குக்குள் புகுந்தது. வூவில் அடைக்கலம் புகுந்திருந்த ஸிஷூவும் அதில் இருந்தார். பிங் அதற்குள் இறந்துவிட்டதால், அவனுடைய கல்லறையைத் தோண்டிப் பிணத்தை 300 முறை சவுக்கால் அடித்தார் என்கிறார்கள். இப்படிச் செய்த அதே மனிதர்தான் வூ நாட்டுக்குக் கடைசிவரை உண்மையாக நின்று, கி.மு. 484-இல் அந்நாட்டு அரசன் அனுப்பிய வாளாலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சீனர்கள் இவரைப் பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுத்தவராகக் கண்டார்களா, செஞ்சோற்றுக்கடன் தீர்த்தவராகக் கண்டார்களா? பிணத்தை அடித்தது உண்மையிலேயே நடந்ததா?


மறுமொழி – ஏடாளர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதலாவதற்கும் வழி பிறக்கும்.

அந்தக் காலத்துக்கு மிக நெருக்கமான விரிவான நூல் ட்ஸுவோ ஜுவான். யிங் வீழ்ந்த கதையை அது சிறு சிறு விவரங்களோடு சொல்கிறது: வூ நாட்டுத் தலைவர்கள் தத்தம் தகுதி வரிசைப்படி சூ அரண்மனைகளில் தங்கினார்கள் என்றும், ஒரு மாளிகைக்காக அரசனின் மகனும் அரசனின் தம்பியும் மோதிக்கொள்ள இருந்தார்கள் என்றும்கூட எழுதியிருக்கிறது. பிணத்தை அடித்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அடுத்து வந்த குலியாங் ஜுவானிலும், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட லூஷி சுன்சியூவிலும் அடி விழுவது கல்லறை மேட்டின்மீதுதான்; 300 என்ற எண் பின்னதில் வந்துவிடுகிறது. மேட்டைத் தோண்டிப் பிணத்தை வெளியே எடுத்தது என்பது, கி.மு. 100-ஐ ஒட்டி ஷி ஜியை எழுதிய சீமா சியனிடம்தான் தெளிவாகக் கிடைக்கிறது. கதை வளர வளரக் கோபமும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. பிணத்தை அடித்தது வரலாறு என்று உறுதியாகச் சொல்ல நான் துணியமாட்டேன்.

ஆனால் சீமா சியன் ஏன் அதை அவ்வளவு உணர்ச்சியோடு எழுதினார் என்பது புரிகிறது. தோற்றுச் சரணடைந்த ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசியதற்காக அவருக்கே ஹான் பேரரசன் விதையறுப்புத் தண்டனை விதித்திருந்தான். தற்கொலை செய்துகொள்வதே மானமுள்ளவன் வழி என்று ஊர் எண்ணிய காலத்தில், எழுதத் தொடங்கிய நூலுக்காக இழிவைத் தாங்கி உயிரோடு இருந்தவர் அவர். அன்றே தந்தையோடு செத்திருந்தால் ஸிஷூவுக்கும் ஓர் எறும்புக்கும் என்ன வேறுபாடு என்று அவர் எழுதும்போது, தம் வாழ்வையும் சேர்த்தே எழுதுகிறார் என்று நான் படிக்கிறேன்.

துரோகமா என்ற கேள்விக்கு, கோங்யாங் ஜுவானின் விடை நேரானது. குற்றமில்லாத தந்தை கொல்லப்பட்டால் மகன் பழிவாங்கலாம். தந்தை தண்டனைக்கு உரியவராக இருந்தால் கூடாது, ஏனெனில் அது ஓயாத வெட்டுக்குத்தாகவே முடியும். அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. வூ அரசன் ஹெலூ உடனே படையெடுக்க முன்வந்தபோது, தனி மனிதன் ஒருவனுக்காக அரசர் போர் தொடுக்கக் கூடாது, அரசரின் அறத்துக்குக் குறை நேரும்படித் தந்தையின் பழியைத் தீர்க்கத் தமக்கு மனமில்லை என்று ஸிஷூ மறுத்துவிட்டாராம். சூவின் தலைமை அமைச்சன் ஓர் உரோம அங்கிக்கு ஆசைப்பட்டுச் சாய் நாட்டு அரசனை மூன்றாண்டு பிடித்து வைத்திருந்தான். விடுபட்ட அவன் தன் மகனைப் பிணையாக வூவுக்கு அனுப்பி உதவி கேட்டான். முறையான அந்தக் காரணம் கிடைத்த பிறகே போர் மூண்டது.

சூ நாட்டு மக்களே அவரைப் பின்னாளில் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1993-இல் ஹூபெய் மாநிலத்துக் குவோதியன் என்ற ஊரில், ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சேர்ந்த சூ நாட்டுக் கல்லறையில் மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, முன்னர் அரும்பணிகள் ஆற்றிய ஸிஷூ பின்னர்க் கொலையுண்டது அறிவு மங்கியதால் அன்று என்று பரிவோடு பேசுகிறது. அவர் சூறையாடிய மண்ணிலேயே புதைத்து வைக்கப்பட்ட ஏடு அது.


மறுமொழி – நெடுவழி

ஏடாளர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காலத்து அறமே ஸிஷூவின் பக்கம்தான் இருந்தது என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடக் கூடாது. அதே போரில், அதே மாதிரியான இழப்போடு, நேர் எதிரான முடிவை எடுத்தவர்கள் இருந்தார்கள்.

யிங் வீழ்ந்தபோது பிங்கின் மகன் ஜாவ் அரசன் ஓடினான். துரத்தி வந்த படைமீது, வாலில் தீப்பந்தம் கட்டிய யானைகளை ஏவிவிட்டு ஆற்றைக் கடந்து தப்பினான். சதுப்பு நிலத்தில் கொள்ளையர் ஈட்டியால் குத்த, உடன் வந்தவர் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கினார். பிறகு யுன் என்ற ஊரை அடைந்தான். அந்த ஊர்த் தலைவர் தோவ் ஷினின் தந்தையையும் பிங் அரசன்தான் கொன்றிருந்தான். தம்பி தோவ் ஹுவாய், நம் தந்தையைக் கொன்றவனின் மகனைக் கொல்வதில் என்ன தவறு என்று கேட்டான். அரசன் குடிமகனைத் தண்டித்தால் அதற்கு யார் பழிவாங்க முடியும், அரசாணை வானத்தின் ஆணை அல்லவா என்று தமையன் தடுத்து, அரசனைத் தாமே பாதுகாப்பாகச் சுய் நாட்டுக்கு அழைத்துச் சென்றார். அண்ணன் தம்பிக்குள்ளேயே நடந்த இந்த வழக்குதான் உங்கள் கேள்வியின் கரு என்பேன். இதன் தொடர்ச்சியும் அருமையானது: நாடு மீண்ட பிறகு ஜாவ் அரசன் பரிசளித்தோர் பட்டியலில் தன்னைக் கொல்ல நினைத்த தோவ் ஹுவாயும் இருந்தான். அமைச்சர் ஆட்சேபித்தபோது, பெரிய நன்மை சிறிய பகையை அழித்துவிடும் என்று அரசன் சொல்லிவிட்டான். தகப்பனைவிட மகன் எவ்வளவோ மேல்.

ஷென் பாவ்ஷூவை மறந்துவிட வேண்டாம். நாட்டைவிட்டு ஓடும்போது, சூவைக் கவிழ்ப்பேன் என்று ஸிஷூ நண்பரான இவரிடம்தான் வஞ்சினம் கூறினார். உன்னால் கவிழ்க்க முடிந்தால் என்னால் நிமிர்த்த முடியும் என்றார் இவர். சொன்னபடியே சின் நாட்டு அரசவைக்குப் போய், சுவரில் சாய்ந்தபடி ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வாய் நீர்கூடக் குடிக்காமல் அழுதார். எல்லோரும் அந்தக் கண்ணீரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் அவர் எடுத்து வைத்த வாதத்தை மறந்துவிடுகிறார்கள். வூ ஒரு பெரும்பன்றி, நீண்ட பாம்பு. இன்று சூவை விழுங்கினால் நாளை உங்கள் எல்லைக்கே வந்துவிடும் என்றார் அவர். ஜாவ் அரசனின் தாய் யார் என்பதையும் பாருங்கள்: பிங் அரசன் அபகரித்துக்கொண்ட அதே சின் நாட்டுப் பெண். பகைக்கு விதையான திருமணமே சின் நாட்டை உறவாகவும் ஆக்கியிருந்தது. இறுதியில் 500 தேர்கள் புறப்பட்டன. கி.மு. 505-இல் சின் படையும் சூவின் எஞ்சிய படையும் சேர்ந்து வூவை முறியடிக்க, ஊர் திரும்பிய ஹெலூவின் தம்பி தன்னையே அரசனாக அறிவித்துக்கொள்ள, ஹெலூ வேறு வழியின்றிப் பின்வாங்கினான். பாவ்ஷூ பரிசை ஏற்க மறுத்தார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தோன்றுவது சுய் நாட்டின் செயல். வூ படை வாசலில் நின்று ஜாவ் அரசனை ஒப்படைக்கும்படி மிரட்டியது. அரசனைப் போலவே முகமுள்ள அண்ணன் ஸிச்சி, தன்னையே அரசன் என்று சொல்லி ஒப்படைத்துவிடும்படி வேண்டினார். சுய் நாட்டார் யாரையும் ஒப்படைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்த உடன்படிக்கையை இடுக்கண் வந்ததும் கைவிடுகிறவர்களை நீங்கள்தான் எப்படி நம்புவீர்கள் என்று வூவிடமே கேட்டார்கள். கல்வெட்டுகளில் ஜெங் என்று வரும் நாடும் இதுவும் ஒன்றே என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. சுய்ஜோவில் கண்டெடுக்கப்பட்ட ஜெங் அரசன் ஒருவனின் வெண்கல மணிகளில், வூ செய்த அழிவும் சூ அரசனை ஜெங் மீண்டும் நிலைநிறுத்தியதும் பொறிக்கப்பட்டுள்ளன. 1978-இல் அதே பகுதியில் தோண்டப்பட்ட இன்னொரு ஜெங் அரசனின் கல்லறையில் 65 மணிகள் கொண்ட பெரும் இசைத்தொகுதி கிடைத்தது. அவற்றுள் ஒன்று, ஜாவ் அரசனின் மகனான சூ அரசன் ஹுய் கி.மு. 433-இல் செய்து அனுப்பியது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நன்றி மறக்கப்படவில்லை என்றே நான் கொள்கிறேன்.


வைகறை வாசகன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தோவ் சகோதரர்களின் கதையை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. இனி வூ நாட்டில் நடந்தது பற்றிக் கேட்க விரும்புகிறேன். தெற்கே இருந்த பகை நாடான யுவேயை அழித்துவிடுங்கள் என்று ஸிஷூ அவ்வளவு மன்றாடியும், ஹெலூவுக்குப் பின் வூவை ஆண்ட ஃபூச்சாய் அரசன் ஏன் கேட்கவில்லை? அவனுடைய அமைச்சன் போ பீ யுவேயிடம் வாங்கிய கையூட்டு ஒன்றே காரணம் என்பது நம்பும்படி இல்லை.


மறுமொழி – கடல்முனை

கையூட்டு ஒரு காரணம்தான். முதன்மையான காரணம் அன்று என்பது என் கருத்து.

கி.மு. 496-இல் ஸுயிலி என்ற இடத்தில் யுவே அரசன் கோவ்ஜியன், மரண தண்டனைக் கைதிகளை வரிசையாக நிறுத்தி, வூ படையின் கண்முன்னே தங்கள் கழுத்தைத் தாங்களே அறுத்துக்கொள்ள வைத்தான். திகைத்து நின்ற படைமீது யுவே பாய்ந்தது. காலில் வெட்டுப்பட்ட ஹெலூ இறந்தான். அவன் மகன் ஃபூச்சாய், தான் முற்றத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், உன் தந்தையை யுவே அரசன் கொன்றதை மறந்தாயா என்று உரக்கக் கேட்க ஓர் ஆளை நிறுத்தினான். கி.மு. 494-இல் கோவ்ஜியன் 5,000 வீரரோடு குவாய்ஜி மலையில் முற்றுகையிடப்பட்டான். தந்தையின் பழி தீரும் வேளை கைக்கு எட்டியிருந்தது. அப்போதுதான் யுவே அமைச்சர் வென் ஜோங், வூவின் தலைமை அமைச்சனான போ பீ வழியாகச் சமாதானம் பேசினார்.

போ பீயும் சூவில் கொல்லப்பட்டவர் ஒருவரின் பேரன். ஸிஷூவைப் போலவே சூவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவன். ஒரே காயத்தோடு வந்த இருவர் எதிரெதிரான ஆலோசனை சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஃபூச்சாயின் கண் வடக்கே இருந்தது: சீன அரசுகளுக்கெல்லாம் தலைவன் ஆக வேண்டும், அதற்கு ச்சி நாட்டை வெல்ல வேண்டும், ஜின் நாட்டை முந்தி முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். யாங்சியையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்க அவன் கி.மு. 486-இல் வெட்டிய கால்வாய் அந்த ஆசையின் அளவைக் காட்டும். அப்படிப்பட்டவனுக்குத் தெற்கே பணிந்து திறை கட்டும் யுவே, அழிந்த யுவேயைவிடப் பயனுள்ளதாகத் தெரிந்திருக்கும். கோவ்ஜியன் பரிசுகளோடு வந்து வணங்கியபோது வூ அரசவையே மகிழ்ந்தது. இது வெட்டுவதற்கு முன் கொழுக்க வைக்கும் தீனி என்றார் ஸிஷூ ஒருவர் மட்டும்.

அவருக்கு மட்டும் ஏன் தெரிந்தது? பணிவின் அடியில் ஆண்டுக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும் வஞ்சம் எப்படி இருக்கும் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் அந்த அவையில் அவர் ஒருவரே. யுவே பத்தாண்டு மக்களையும் செல்வத்தையும் பெருக்கும், பத்தாண்டு பயிற்சி கொடுக்கும், இருபது ஆண்டு கழித்து வூ சதுப்பு நிலமாகும் என்று கி.மு. 494-இல் அவர் சொன்னதாக ட்ஸுவோ ஜுவான் எழுதுகிறது. வூ அழிந்தது கி.மு. 473-இல்.

அவருடைய வீழ்ச்சிக்குக் காரணமான செயலையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ச்சி நாட்டுக்குத் தூது போனபோது தம் மகனை அங்கே பாவ் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு வந்தார். எதிரி நாட்டில் மகனை விட்டவனை எப்படி நம்புவது என்ற குற்றச்சாட்டுக்கு அதன் பிறகு விடையில்லை. ஆனால் தந்தையின் பெயரைச் சொல்லி மகன்களை அழைத்துக் கொன்ற அரசனைக் கண்டவர் அவர். தாம் அரசனை விட்டுப் போகவும் இல்லை, தம் மகனை அதே பொறிக்குள் விட்டுவைக்கவும் இல்லை. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாகும்முன், யுவே படை நுழைவதைப் பார்க்கத் தம் கண்களைப் பிடுங்கிக் கிழக்கு வாசலில் வைக்கும்படி சொன்னார் என்பது ஷி ஜி தரும் செய்தி.

கி.மு. 482-இல் ஹுவாங்சி என்ற இடத்தில் ஃபூச்சாய் ஜின் நாட்டோடு முன்னுரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது, யுவே பின்னாலிருந்து தாக்கிப் பட்டத்து இளவரசனைச் சிறைபிடித்தது. செய்தி கசியக் கூடாது என்று ஃபூச்சாய் தன் கூடாரத்திலேயே ஏழு பேரைக் கழுத்தறுத்துக் கொன்றான். கன்பூசியஸின் மாணவர் ஸிகோங் ஒரே தூதுப் பயணத்தில் ஐந்து நாடுகளின் தலைவிதியை மாற்றியதாக வரும் புகழ்பெற்ற கதையை நான் இங்கே சேர்க்கவில்லை. ஷி ஜி சொல்லும் அந்தப் பயணம் ட்ஸுவோ ஜுவானில் இல்லை.


மறுமொழி – ஏடாளர்

கடல்முனை எழுதியதோடு போ பீயின் முடிவையும் சேர்த்துக்கொள்ளலாம். வூ அழிந்ததும், சொந்த அரசனுக்குத் துரோகம் செய்தவன் என்று கோவ்ஜியன் அவனைக் கொன்றான் என்கிறது ஷி ஜி. படிப்பவருக்கு மனநிறைவு தரும் முடிவு அது. ட்ஸுவோ ஜுவானோ, வூ அழிந்து இரண்டாண்டுகளுக்குப் பின், லூ நாட்டு அரசன் யுவேயில் ஆதரவு திரட்டுவதைக் கண்டு அஞ்சிய, லூவில் செல்வாக்கு மிக்க ஜி குலத்தார், அதைத் தடுக்கப் போ பீயின் வழியாகவே கையூட்டுக் கொடுத்துக் காரியத்தைச் சாதித்தார்கள் என்று எழுதுகிறது. அவன் புதிய எசமானரிடமும் அதே தொழிலைத் தொடர்ந்திருக்கிறான். யுவேயைக் காப்பாற்றிய வென் ஜோங்குக்குத்தான் கோவ்ஜியன் வாளை அனுப்பினான். வூவை வெல்ல நீ சொன்ன ஏழு வழிகளில் மூன்றுதான் செலவாயின, மிச்சம் நான்கையும் மேலுலகில் என் முன்னோரிடம் சோதித்துப் பார் என்ற செய்தியோடு.